கோப்பும் குறியேற்றமும்: தமிழ்ப் பட்டியல்களைப் பிழையின்றிப் படிப்பதும் எழுதுவதும்

பெரிய காஞ்சிபுரத்தில் பட்டு வியாபாரமோ நெசவாளர் கூட்டுறவுச் சங்கமோ நடத்துகிறவர்களிடம், தறிக்காரர் பெயர், வீதி, பாவு கொடுத்த தேதி, ஜரிகை எடை, கூலி பாக்கி என்று வருஷக்கணக்காகச் சேர்ந்த பட்டியல்கள் ஒரே கணினியில் இருந்தாலும் ஒரே வகையாக இருப்பதில்லை. தொண்ணூறுகளின் இறுதியில் அச்சகத்துக் கணினியில் தட்டெழுதப்பெற்றது ஒரு வகை. எக்செலிலிருந்து சிஎஸ்வியாகச் சேமிக்கப்பெற்றது மற்றொரு வகை. இப்போது கைப்பேசியில் பதியப்பட்டு வருவது மூன்றாவது வகை. இம்மூன்றையும் ஒரே பேரேடாகத் தொகுக்கச் சிறு நிரல் ஒன்றை எழுதிக்கொள்ள முனைகிறவர், கூட்டல் கழித்தல் பகுதியை விரைவில் முடித்துவிட்டு, ‘ஏகாம்பரம்’ என்னும் பெயரைத் திரையில் ஏகாம்பரமாகவே காண்பதற்கு நெடுநேரம் பிரயாசைப்படுவது சகஜம். அந்தப் பிரயாசையைக் குறைப்பதே இந்த அத்தியாயத்தின் நோக்கம்.

உதாரணங்களுக்குப் பைத்தான் மொழியை எடுத்துக்கொண்டிருக்கிறோம். கட்டளைச் சொற்களைத் தமிழ் ஒலியில் தந்திருப்பினும், விசைப்பலகையில் அவற்றை ஆங்கிலத்திலேயே அடித்தல் வேண்டும். பைட் எண்கள் யாவும் பதின்ம முறையில் உள்ளவை.

அவசியமான அளவு தத்துவம்

கோப்பில் எழுத்துகள் இல்லை. 0 முதல் 255 வரையுள்ள எண்களே, அதாவது பைட்டுகளே இருக்கின்றன. எந்த எண் எந்த எழுத்தைக் குறிக்கும் என்னும் ஒப்பந்தத்துக்குத்தான் குறியேற்றம் என்று பெயர். ஜக்கார்டு அட்டையில் துளைகள் மட்டுமே இருக்கின்றன. எந்தத் துளை எந்தக் கொக்கிக்கு உரியது என்பதை அட்டை சொல்வதில்லை, கட்டு முறையை அறிந்தவர்தான் சொல்ல வேண்டும். முறை மாறினால் அதே அட்டையிலிருந்து மாங்காய் புட்டாவுக்குப் பதில் அலங்கோலமே விழும். கோப்பின் நிலையும் அதுவே.

யூனிகோடு முறையில் தமிழுக்கு 2944 முதல் 3071 வரை 128 இடங்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன. அவ்விடங்களிலுள்ள ஒவ்வொரு குறியும், யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் மூன்று பைட்டுகளாக எழுதப்படுகிறது. அம்மூன்றில் முதலாவது எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. ‘க’ என்பதன் இடம் 2965. அதன் பைட்டுகள் 224, 174, 149. நாம் ‘காஞ்சிபுரம்’ என்பதை ஆறெழுத்தாக எண்ணுகிறோம். ஆனால் புள்ளியும் உயிர்க்குறிகளும் தனித்தனியே கணக்கிடப்படுவதால் யூனிகோடில் அது 11 குறிகள், யுடிஎஃப்-8 கோப்பில் 33 பைட்டுகள். இந்த மூன்று கணக்குகளையும் ஒன்றோடொன்று குழப்பிக்கொள்வதே பாதிப் பிழைகளுக்கு மூலகாரணம்.

யூனிகோடு பரவுமுன் வழங்கிய முறைகள் பல. இந்தியத் தர நிர்ணய நிறுவனம் 1991இல் இஸ்கியை வெளியிட்டது. இணையத் தமிழரிடையே டிஸ்கி வழங்கியது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டமும் டிஸ்கியில் வெளியிட்ட நூல்களைப் பின்னர் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழ்இணையம் 99 மாநாட்டையொட்டி டாம், டாப் என்னும் இரண்டு முறைகள் வகுக்கப்பட்டன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடத்தும் பாமினியும், அச்சகங்களில் வானவில், ஸ்ரீலிபி போன்றவையும் ஆட்சி செலுத்தின. 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடையும் டேஸ்-16ஐயும் தரமாக அறிவித்தது. ஆகவே பழைய கோப்பு ஒன்று கையில் கிடைத்தால், அது மேற்சொன்னவற்றுள் எந்த வகையாகவும் இருக்கலாம் என்றே கொள்க.

தொடங்குமுன்: பாதுகாப்பு விதிகள்

1. மூலக் கோப்பை ஒருபோதும் திருத்தாதீர்கள். அதற்கு ஒரு பிரதி எடுத்து, மூலத்தை ‘படிக்க மட்டும்’ என்னும் நிலையில் வைத்து, பிரதியிலேயே எல்லாப் பரீட்சைகளையும் செய்க.
2. மூலக் கோப்பை எக்செலில் திறந்து ‘சேமி’ என்று அழுத்தாதீர்கள். சாதாரண சிஎஸ்வியாகச் சேமித்தால் தமிழெழுத்துகள் கேள்விக்குறிகளாக மாறிவிடக்கூடும். அவ்வாறு மாறியதை எந்த நிரலாலும் மீட்க இயலாது.
3. நெசவாளர்களின் ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் முதலியவை அடங்கிய பட்டியலை, முன்பின் அறியாத இணைய மாற்றிகளில் ஏற்றாதீர்கள். மாற்றும் வேலை உங்கள் கணினியிலேயே நடைபெறட்டும்.
4. மாற்றுவதற்கு முன் வரிகளின் எண்ணிக்கையையும், கூலி, எடை ஆகிய பத்திகளின் மொத்தத்தையும் தனியே குறித்து வைத்துக்கொள்க. வேலை முடிந்தபின் ஒப்பிடுவதற்கு அதுவே சாட்சி.

முதற் படி: குறியேற்றத்தைக் கண்டறிதல்

1. கோப்பை எழுத்தாக அன்றிப் பைட்டாகத் திறக்கவும்: ஓப்பன்(கோப்பின் பெயர், "ஆர்பி"). முதல் 200 பைட்டுகளைப் படித்து எண்களாக அச்சிட்டுப் பார்க்கவும்.
2. தொடக்கத்தில் 239, 187, 191 என்னும் மூன்று எண்கள் இருந்தால், அது பைட் வரிசைக் குறியுடன் கூடிய யுடிஎஃப்-8. 255, 254 என்று தொடங்கினால் யுடிஎஃப்-16. எக்செல் ‘யூனிகோடு உரை’ என்று சேமிப்பது இவ்வகையே.
3. இவை இல்லாவிடினும், 224, 174 என்றும் 224, 175 என்றும் இணைகள் திரும்பத் திரும்ப வருமாயின், அது குறியில்லாத யுடிஎஃப்-8 என்று பெரும்பாலும் துணியலாம். முழுக் கோப்பையும் யுடிஎஃப்-8 ஆகக் கண்டிப்பான முறையில் படித்துப் பார்த்து, பிழை எழவில்லையானால் சந்தேகம் தீரும்.
4. யுடிஎஃப்-8 ஆகப் படிக்க மறுத்து, 128க்கு மேற்பட்ட எண்கள் நிறைந்திருந்தால், டிஸ்கி, டாப், டாம் முதலியவற்றுள் ஒன்றென ஊகிக்கலாம். அதே விவரம் அடங்கிய வேர்டு ஆவணம் கிடைக்குமாயின், அதில் எழுத்துருவின் பெயரைப் பார்ப்பதே நிச்சயமான வழி.
5. எல்லா எண்களும் 128க்குக் கீழே இருந்து, திரையில் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாகத் தோன்றினால், பாமினி போன்ற எழுத்துரு முறையே. பாமினியில் ‘கா’ என்பது எஃப், எச் என்னும் இரண்டு சிற்றெழுத்துகளாகவே கோப்பில் கிடக்கும். இங்கே பைட்டுகளைப் பார்த்து முடிவு செய்ய முடியாது. மனிதக் கண்தான் தீர்ப்பளிக்க வேண்டும்.

*குறிப்பு:* லத்தீன்-1 என்னும் குறியேற்றம் 256 பைட்டுகளுக்கும் ஏதேனும் ஒரு பொருள் கற்பிப்பதால், எந்தக் கோப்பையும் மறுக்காமல் திறந்துவிடும். ஆதலால் ‘பிழையின்றித் திறந்தது’ என்பது ‘சரியாகத் திறந்தது’ என்பதற்கு நிரூபணம் ஆகாது. தானே கண்டறிவதாகச் சொல்லும் நிரலகங்களும் புள்ளிவிவர ஊகத்தையே தருகின்றன. அவற்றின் யோசனையைக் கேட்கலாம், முடிவை அவற்றிடம் விடலாகாது.

இரண்டாம் படி: படித்தல்

1. திறக்கும் ஒவ்வொரு முறையும் குறியேற்றத்தின் பெயரை வெளிப்படையாக எழுதுக: ஓப்பன்(பெயர், "ஆர்", என்கோடிங்="யுடிஎஃப்-8"). பெயர் சொல்லாமல் விட்டால், விண்டோஸில் பைத்தானின் பல பதிப்புகள் கணினியின் வட்டார வழக்கத்தை, நம்மூர்க் கணினிகளில் பெரும்பாலும் விண்டோஸ்-1252 என்பதை, எடுத்துக்கொள்ளும். லினக்ஸில் சரியாக ஓடிய நிரல் கடையிலுள்ள விண்டோஸ் கணினியில் தடுக்கி விழுவதன் ரகசியம் இதுவே. ஜாவா மொழியில் 2022இல் வந்த 18ஆம் பதிப்பு முதல் யுடிஎஃப்-8 இயல்பாக்கப்பட்டிருக்கிறது. ஆயினும் எழுதிவிடுவதே உத்தமம்.
2. எக்செலிலிருந்து வந்த கோப்பானால் "யுடிஎஃப்-8-சிக்" என்று குறிப்பிடுக. வெறும் யுடிஎஃப்-8 என்றால், முதற் பத்தியின் தலைப்புக்கு முன்னே 65279 என்னும் காணாக் குறி ஒட்டிக்கொண்டு, ‘பெயர்’ என்னும் பத்தி கண்ணெதிரே இருந்தும் நிரல் ‘இல்லை’ என்று சாதிக்கும். தொடக்கத்தில் அக்குறி இல்லாத கோப்பையும் இந்த முறை சரியாகவே படிப்பதால், இதைப் பயன்படுத்துவதில் நஷ்டம் ஏதுமில்லை.
3. ‘எர்ரர்ஸ்’ என்னும் விருப்பத்தை ‘ஸ்ட்ரிக்ட்’ என்னும் இயல்பு நிலையிலேயே விடுக. ‘இக்னோர்’ என்று போட்டால் பிழை மறையும், அதனுடன் எழுத்தும் மறையும். ‘ரிப்ளேஸ்’ என்று போட்டால் எழுத்திருந்த இடத்தில் 65533ஆம் குறி, அதாவது வைரக் கட்டத்துள் கேள்விக்குறி, அமர்ந்துவிடும். பார்வையிட மட்டும் அது உதவும், சேமிக்க உதவாது.
4. பெரிய கோப்பைத் துண்டு துண்டாகப் பைட் முறையில் படிக்க வேண்டியிருந்தால், 4096 பைட்டில் வெட்டும்போது மூன்று பைட் எழுத்து நடுவே அறுபடலாம் என்பதை நினைவிற் கொள்க. எழுத்து முறையில் வரி வரியாகப் படித்தால் இந்த அபாயம் இல்லை.

பிழைச் செய்தியைப் படிக்கும் விதம்

தமிழர் அடிக்கடி சந்திக்கும் பிழைச் செய்தி, ‘சார்மேப்’ என்று தொடங்கி, 129, 141, 143 அல்லது 144 எண்ணுள்ள பைட்டைப் புரிந்துகொள்ள முடியவில்லை என்று முடிவதாகும். எண்ணை மட்டும் அது பதினாறடிமான முறையில் காட்டும். இதன் காரணம் விசித்திரமானது. விண்டோஸ்-1252இல் ஐந்து பைட்டுகளுக்குப் பொருளே விதிக்கப்படவில்லை. அவ்வைந்தில் 129 என்பது யுடிஎஃப்-8இல் உகரக் குறியின் கடைசிப் பைட்டாகவும், 141 என்பது மெய்ப்புள்ளியின் கடைசிப் பைட்டாகவும், 143, 144 ஆகியவை முறையே ஏ, ஐ என்னும் உயிர்களின் கடைசிப் பைட்டுகளாகவும் அமைந்திருக்கின்றன. ஆகவே யுடிஎஃப்-8 கோப்பைத் தவறாக 1252 என்று திறந்தால், ‘ஏகாம்பரம்’ முதலெழுத்திலேயே நிரலை நிறுத்திவிடும். ‘கமலா’வோ ஒரு சத்தமுமின்றி அலங்கோலமாக உள்ளே நுழைந்துவிடுவாள். நிரல் நின்றால் அதிருஷ்டம் என்று கொள்க. நிற்காமல் ஓடியதைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

திரையில், தலைமேல் சாய்கோடிட்ட ‘ஏ’ என்னும் ஆங்கிலச் சிற்றெழுத்தும் வட்டத்துள் ‘ஆர்’ குறியும் மாறி மாறித் தோன்றினால், யுடிஎஃப்-8 கோப்பு 1252 ஆகப் படிக்கப்பட்டிருக்கிறது. மூலம் இருந்தால் மீண்டும் சரியாகப் படிப்பதே போதும். மூலம் தொலைந்து, அலங்கோலமே சேமிக்கப்பட்டிருந்தால்:

1. அவ்வுரையை 1252 ஆக ‘என்கோட்’ செய்து, கிடைத்த பைட்டுகளை யுடிஎஃப்-8 ஆக ‘டீகோட்’ செய்க.
2. முதற் செயல் பிழை காட்டினால், ஒவ்வொரு குறியையும் தனித்தனியே 1252 ஆக மாற்ற முயன்று, மறுக்கும் குறிகளை மட்டும் லத்தீன்-1 ஆக மாற்றிச் சேர்க்கவும். பொருளற்ற பைட்டுகளைக் கட்டுப்பாட்டுக் குறிகளாகக் காப்பாற்றிய மென்பொருள்களின் கோப்புகள் இவ்வழியால் மீளும்.
3. நடுவில் உண்மையான கேள்விக்குறிகள் கலந்திருந்தால், அவ்விடங்கள் மீளா. கைப் பேரேட்டைப் பார்த்துத் திருத்துவதைத் தவிர மார்க்கமில்லை.

மூன்றாம் படி: பழைய எழுத்துருக் கோப்பை மாற்றுதல்

டிஸ்கி முதலியவை பைத்தானின் உள்ளமைந்த குறியேற்றங்களில் இல்லை. லினக்ஸில் ‘ஐகான்வ்’ கட்டளை டிஸ்கியை அறியும்; ஓப்பன்-தமிழ் என்னும் கட்டற்ற நிரலகத்தில் பாமினி, டாம், டாப், டிஸ்கி, வானவில் ஆகியவற்றை யூனிகோடாக்கும் செயற்கூறுகள் உண்டு. நீங்களே ஒரு பட்டியலை அமைத்துக் குறிக்குக் குறி மாற்றிவிடலாம் என்று எண்ணுவீர்களாயின், ஒன்றை அறிந்துகொள்க. டிஸ்கி போன்ற முறைகள் கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தை வைப்பதால் ‘கொ’ என்பது ஒற்றைக்கொம்பு, ககரம், கால் என்று கிடக்கும். யூனிகோடோ ககரத்தை முன்னும் உயிர்க்குறியைப் பின்னும் வைக்கும். வரிசை மாற்றாமல் செய்த மாற்றம், எல்லாக் கொம்பெழுத்துகளையும் பாழாக்கும்.

1. எழுத்துருவைத் தீர்மானித்தபின், பத்து வரிகளை மட்டும் எடுத்து மாற்றிப் பார்க்கவும். கொ, கோ, கௌ, ணை, ஸ்ரீ ஆகியவை வரும் பெயர்களைத் தேடி எடுத்தால் பரீட்சை பயனுள்ளதாகும்.
2. பாமினிக் கோப்பில் தமிழ்ப் பத்திகளை மட்டும் மாற்றுக. ஆங்கிலத் தலைப்பெழுத்துகளும் வங்கிக் குறியீடுகளும் அதே எண்களில் இருப்பதால், முழுக் கோப்பையும் மாற்றினால் அவையும் தமிழ் உளறலாகிவிடும். டிஸ்கியில் கீழ்ப் பாதி ஆங்கிலத்துக்கே விடப்பட்டிருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.
3. மாற்றிய பட்டியலை, அந்த வீதித் தறிக்காரர்களை அறிந்த ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுக. பிள்ளையார்பாளையத்துப் பெயர்களை அறிந்தவர் ஒரு நோட்டத்தில் காணும் பிழையை, நிரல் காணாது.

நான்காம் படி: ஒரே பெயரை ஒரே வடிவாக்குதல்

‘பொன்னம்மாள்’ என்பதிலுள்ள ஒகரக் குறியை 3018 என்னும் ஒற்றைக் குறியாகவும் எழுதலாம். 3014, 3006 என்னும் இரட்டைக் குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெண்மணிகள். கூலிக் கணக்கும் இரண்டாகப் பிரிந்துவிடும்.

1. படித்த ஒவ்வொரு உரையையும் யூனிகோடுடேட்டா தொகுதியிலுள்ள ‘நார்மலைஸ்’ செயற்கூறு கொண்டு ‘என்எஃப்சி’ வடிவாக்குக.
2. ‘சௌந்தரம்’ என்பதை ஒற்றைக்கொம்பும் ளகரமுமாகத் தட்டெழுதியிருந்தால் இம்முறை திருத்தாது. ஸ்ரீ என்பதை ஸகரத்தாலும், 2005இல் யூனிகோடில் சேர்ந்த ஶகரத்தாலும் எழுதும் வேற்றுமையும் அப்படியே. இவற்றுக்குத் தனித் திருத்தப் பட்டியல் அமைக்கவும்.
3. யூனிகோடு எண் வரிசை தமிழ் அகராதி வரிசை அன்று. னகரம் நகரத்தை அடுத்தும், ழகரம் ளகரத்துக்குப் பின்னும் வரும். பெயர்களை அகரவரிசைப்படுத்தத் தமிழுக்குரிய வரிசை விதியைப் பயன்படுத்துக.

ஐந்தாம் படி: எழுதுதல்

1. நிரல்கள் மட்டும் படிக்கும் கோப்பை யுடிஎஃப்-8 ஆக எழுதுக. எக்செலில் இரட்டைச் சொடுக்கில் திறக்கப்போகும் சிஎஸ்வியை "யுடிஎஃப்-8-சிக்" ஆக எழுதுக. முன்னுள்ள குறி இல்லையேல் எக்செல் அதைப் பழைய குறியேற்றமென்று கருதும்.
2. சிஎஸ்வி எழுதும்போது ‘நியூலைன்’ விருப்பத்தை வெற்று மேற்கோளாகக் கொடுக்கவும். இல்லாவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி வெற்று வரி விழும்.
3. ரூபாய்க் குறி 2010இல்தான் யூனிகோடில் இடம்பெற்றது. அதன் எண் 8377. விண்டோஸ்-1252இல் அதற்கு இடமில்லை. குறியேற்றம் சொல்லாமல் எழுதினால், கூலிப் பத்தியின் முதல் வரியிலேயே நிரல் நிற்பதற்கு இக்குறி காரணமாகலாம்.
4. கோவில் கணக்குகளிலும் பழைய நில ஆவணங்களிலும் வரும் மா, காணி, முந்திரி முதலிய பின்னக் குறிகள் 2019இல் வந்த யூனிகோடு 12இல் தனிப் பகுதியாகச் சேர்க்கப்பட்டன. இவை யுடிஎஃப்-8இல் நான்கு பைட்டுகள். மைஎஸ்க்யூஎல் தரவுத்தளத்தில் மூன்று பைட்டோடு நிற்கும் பழைய ‘யுடிஎஃப்8’ வகை இவற்றை ஏற்காது. ‘யுடிஎஃப்8எம்பி4’ வகையைத் தேர்ந்தெடுக்கவும்.
5. பழைய கோப்பின் மேலேயே எழுதாமல், அதே அடைவில் தற்காலிகப் பெயரில் எழுதி முடித்து, மறுபடி படித்துச் சரிபார்த்தபின் ‘ஓஎஸ்.ரிப்ளேஸ்’ கொண்டு பெயர் மாற்றுக. எழுதும்போது மின்சாரம் போனாலும் பழையது பத்திரமாக இருக்கும்.

ஆறாம் படி: சரிபார்த்தல்

1. வரிகளின் எண்ணிக்கையும் கூலி, எடை மொத்தங்களும் ஆரம்பத்தில் குறித்தவற்றோடு பொருந்துகின்றனவா?
2. 65533ஆம் குறியோ, பெயர்ப் பத்தியில் கேள்விக்குறியோ எங்கேனும் இருக்கிறதா?
3. தமிழ்ப் பத்திகளில் 2944 முதல் 3071 வரையுள்ள எண்களும், இடைவெளி, புள்ளி, எண்கள் ஆகியவையும் தவிர வேறேதும் நுழைந்திருக்கிறதா? நுழைந்திருந்தால் அவ்வரிகளைத் தனியே அச்சிட்டுப் பார்க்கவும்.
4. எழுதிய கோப்பை வேறொரு கணினியில், வேறொரு மென்பொருளில் திறந்தாலும் பெயர்கள் சரியாகத் தெரிகின்றனவா?

முடிவாக

மேற்சொன்ன எல்லாவற்றையும் ஒரே விதியாகச் சுருக்கலாம்: கோப்பிலிருந்து உரை உள்ளே வரும் வாசலிலே குறியேற்றத்தின் பெயரைச் சொல்லி யூனிகோடாக்குக, நிரலுக்குள் யூனிகோடு தவிர வேறொன்றும் நடமாட விடாதீர்கள், வெளியே போகும் வாசலிலே மறுபடியும் பெயரைச் சொல்லி யுடிஎஃப்-8 ஆக்குக. இவ்வளவு கிரமமாகச் செய்தபின் இன்னும் ஒரு காரியம் மிஞ்சியிருக்கிறது. கோப்பு தன் குறியேற்றத்தைத் தானே சொல்வதில்லை என்பதால், ஒவ்வோர் அடைவிலும் ஒரு சிறு குறிப்புக் கோப்பு வைத்து, இன்ன கோப்பு இன்ன எழுத்துருவிலிருந்து இன்ன தேதியில் மாற்றப்பட்டது, இப்போது இன்ன குறியேற்றத்தில் இருக்கிறது என்று நான்கு வரி எழுதி வையுங்கள். உங்களுக்குப்பின் அந்தப் பேரேட்டைத் திறப்பவருக்கு நீங்கள் செய்யக்கூடிய உபகாரம் அதைவிடப் பெரிதில்லை.